சொந்தக் கணக்கும் ஊர்க் கணக்கும்: ஏப்ரம் ஹியூவிட்டின் வாழ்க்கை

1876-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் சாமுவேல் டில்டன். அவருக்காக நாடு முழுக்கப் பிரசாரத்தை நடத்தியவர், கட்சியின் தேசியக் குழுத் தலைவரான ஏப்ரம் ஹியூவிட் என்ற இரும்பு ஆலை முதலாளி. அதே தேர்தலில் கிரீன்பேக் கட்சி என்ற சிறிய கட்சியின் சார்பில் 85 வயது முதியவர் ஒருவரும் அதிபர் பதவிக்கு நின்றார். பெயர் பீட்டர் கூப்பர். ஹியூவிட்டின் மாமனார். இரண்டு பேரும் இருந்தது நியூயார்க்கில் ஒரே வீட்டில். மாமனார் ஒரு கட்சியின் வேட்பாளர், மருமகன் எதிர்க்கட்சியின் தேர்தல் தளபதி. ஆனாலும் அந்த வீட்டில் உறவு முறியவில்லை, கூட்டுத் தொழிலும் முறியவில்லை.

ஹியூவிட்டைப் பற்றிக் கொஞ்ச காலமாகவே தேடித் தேடி வாசித்து வருகிறேன். தொழிலதிபர் அரசியலுக்கு வந்தால் நாடு உருப்படும் என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வந்தால் கஜானா காலியாகும் என்று சொல்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டு தரப்புக்குமே ஹியூவிட் வசதியான உதாரணம் இல்லை. தன் பணப்பையும் ஊர்ப் பணப்பையும் உரசுகிற இடத்திலேயே வாழ்நாள் முழுக்க நின்றவர் அவர். அவர் செய்ததிலேயே சிறந்த காரியமும், என்னால் ஏற்றுக்கொள்ள முடியாத காரியமும் அந்த ஒரே இடத்தில்தான் நடந்தன.

பிறந்தது 1822 ஜூலை 31, ஹட்சன் ஆற்றங்கரையில் ஹேவர்ஸ்ட்ரா என்ற ஊரில். அப்பா ஜான் ஹியூவிட் இங்கிலாந்திலிருந்து வந்தவர். 1790-களில், நீராவி இயந்திரம் என்றால் என்னவென்றே அமெரிக்காவில் பலருக்குத் தெரியாத காலத்தில், அதைப் பூட்டி ஓட்டத் தெரிந்த கைத்தொழிலாளியாக அவர் வந்து சேர்ந்தார். பிறகு மரச்சாமான் தொழிலில் கொஞ்சம் சம்பாதித்தார், அதை இழக்கவும் செய்தார். மகன் ஏப்ரம் உதவித்தொகையில்தான் கொலம்பியா கல்லூரிக்குப் போக முடிந்தது. 1842-ல் பட்டம் பெற்றார். படிப்பும் வேலையுமாக இரவு பகல் பார்க்காமல் உழைத்ததில் கண்பார்வை கெட்டுப்போனது. வழக்கறிஞராகத் தகுதி பெற்றும் அந்தத் தொழிலில் நிலைக்க முடியவில்லை. கண் போகாமல் இருந்திருந்தால் நியூயார்க்கில் நல்ல வக்கீலாக வாழ்ந்து மறைந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

கல்லூரிக் காலத்தில் சக மாணவன் எட்வர்ட் கூப்பருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பழக்கம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். எட்வர்டின் அப்பாதான் பீட்டர் கூப்பர். மாட்டுக் குளம்பையும் எலும்பையும் காய்ச்சிப் பசை தயாரித்துச் செல்வந்தரானவர். 1830-ல் பால்டிமோர்–ஒஹாயோ ரயில் பாதையில் 'டாம் தம்ப்' என்ற குட்டி நீராவி எஞ்சினைச் செய்து ஓட்டிக் காட்டியவரும் அவரே. 1844-ல் இரண்டு நண்பர்களும் ஐரோப்பா சுற்றிவிட்டுத் திரும்பும்போது, குளிர்காலக் கடலில் கப்பல் மூழ்கியது. படகில் தத்தளித்தவர்களை வேறொரு கப்பல் காப்பாற்றிக் கரை சேர்த்தது. அன்று மீண்ட உயிர் இனித் தனக்கு மட்டும் சொந்தமானது இல்லை என்று தோன்றியதாக ஹியூவிட் பிற்காலத்தில் சொன்னார். இப்படிப்பட்ட வாக்குமூலங்களைப் பெரிய மனிதர்கள் வயதான பிறகு சொல்வது வழக்கம்தான். ஆனால் அவர் அதற்குப் பிறகு செய்தவற்றைப் பார்க்கும்போது, உணர்ந்துதான் சொல்லியிருக்கிறார் என்று நம்புகிறேன்.

1845-ல் பீட்டர் கூப்பரின் முதலீட்டில் நியூஜெர்சியின் டிரென்டன் நகரில் இரும்பு ஆலை எழுந்தது. எட்வர்டும் ஹியூவிட்டும் நடத்தினார்கள். இடத் தேர்வே யோசித்துச் செய்தது. டெலவேர் ஆற்றின் நீர்விசை இருந்தது, வாசலில் கால்வாய் இருந்தது, நியூயார்க்குக்கும் ஃபிலடெல்பியாவுக்கும் நடுவில் ரயில் இருந்தது. நியூஜெர்சியின் ஆண்டோவர் சுரங்கத்திலிருந்து இரும்புத்தாது, பென்சில்வேனியாவின் லீஹை பள்ளத்தாக்கிலிருந்து ஆந்த்ரசைட் நிலக்கரி. இரண்டும் சந்திக்கிற இடமாகப் பார்த்து டெலவேர் கரையில் ஃபிலிப்ஸ்பர்கில் ஊதுலைகளை அமைத்தார்கள். ஊதுலையில் உருகி வருவதை டிரென்டனில் உருட்டித் தண்டவாளமாக்கினார்கள். 1855-ல் பீட்டர் கூப்பரின் மகள் சாரா அமீலியாவை ஹியூவிட் மணந்துகொண்டார். அதற்குள் ஆலையின் மூளை அவர்தான் என்று ஆகிவிட்டிருந்தது.

தண்டவாளத்தை மட்டும் நம்பியிருக்க முடியவில்லை. 1846-ல் அமெரிக்கா இறக்குமதித் தீர்வையைக் குறைத்ததும் பிரிட்டிஷ் தண்டவாளம் மலிவாக வந்து குவிந்தது. டிரென்டன் ஆலை வேறு சரக்கு தேட வேண்டியதாயிற்று. தந்திக் கம்பி ஒன்று. இன்னொன்றுதான் முக்கியமானது: கட்டடங்களுக்கான தேனிரும்பு உத்திரம்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் பிற்கால நியூயார்க்கின் உயரத்துக்கே இது அடித்தளம். அன்று கட்டடங்களில் இருந்தது மர உத்திரம் அல்லது வார்ப்பிரும்பு. மரம் தீப்பிடிக்கும். வார்ப்பிரும்பு மேலிருந்து அழுத்தும் சுமையை நன்றாகத் தாங்கும், ஆனால் இழுவிசை வந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் முறியும். சுமை ஏறிய உத்திரத்தின் அடிப்பாகம் எப்போதும் இழுபடுகிற பாகம். அதனால் தூணுக்கு ஏற்ற வார்ப்பிரும்பு உத்திரத்துக்கு ஆகாது. தேனிரும்பு வளையும், உடனே ஒடியாது. ஆனால் மேலும் கீழும் அகலமாக, நடுவில் மெலிதாக இருக்கும் உத்திரத்தை, ஒரே துண்டாக, ஏழு அங்குல உயரத்துக்கு உருட்டி எடுப்பதற்கு அமெரிக்காவில் இயந்திரமே இல்லை. பணத்தைக் கொட்டி, பலமுறை தோற்று, 1854 வாக்கில் டிரென்டன் அதைச் செய்துகாட்டியது. பீட்டர் கூப்பர் நியூயார்க்கில் கட்டிக்கொண்டிருந்த கல்வி நிலையத்துக்காகத்தான் முதலில் அந்த உத்திரங்களைத் திட்டமிட்டார்கள். அதற்குள் ஹார்ப்பர் பதிப்பகத்தின் கட்டடம் 1853 டிசம்பரில் எரிந்துபோக, தீப்பிடிக்காத புதுக் கட்டடத்துக்காக உத்திரங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன.

அந்தக் கல்வி நிலையம் 1859-ல் திறந்தது. பெயர் கூப்பர் யூனியன். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் வேறுபாடு இல்லாமல், கட்டணமின்றி அறிவியலும் ஓவியமும் சொல்லிக்கொடுத்த இடம். நிறுவியவர் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அறங்காவலர் குழுவின் செயலாளராக, தொடக்கத்திலிருந்து சாகும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை நடத்தியவர் ஹியூவிட். ஆலை, சுரங்கம், காங்கிரஸ், மேயர் பதவி என்று எதில் இருந்தாலும் இந்த வேலையை அவர் விடவில்லை. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பணத்தைக் கொடுத்தவர் பெயர் வாசலில் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளாகக் கணக்கு பார்த்து அதைக் கட்டிக் காத்தவரை யார் நினைக்கிறார்கள்?

எஃகு பக்கமும் அவர் கண் இருந்தது. ஹென்றி பெசமர் இரும்பை மலிவாக எஃகாக்கும் தன் முறையை 1856-ல் இங்கிலாந்தில் அறிவித்தார். அதே ஆண்டு ஃபிலிப்ஸ்பர்கில் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் அதுதான் முதல் முயற்சி. பலன் தரவில்லை. 1867 பாரிஸ் கண்காட்சிக்கு அமெரிக்க அரசின் ஆணையர்களில் ஒருவராகப் போய், உலக இரும்பு எஃகுத் தொழில் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். எஃகு காய்ச்சும் இன்னொரு வழியான சீமன்ஸ்–மார்ட்டின் திறந்த உலை முறையின் அருமையை அங்கே கண்டு, அடுத்த ஆண்டே டிரென்டனில் அப்படி ஓர் உலையை ஏற்றினார். அமெரிக்காவின் முதல் திறந்த உலை அது. ஆனால் புதிய முறைகளில் பெரும்பணம் பார்த்தவர் பிட்ஸ்பர்க் எஃகு முதலாளி கார்னகி, ஹியூவிட் அல்ல. முதலில் வருகிறவர் தடுக்கி விழுந்து பாதை காட்ட, பின்னால் வருகிறவர் அறுவடை செய்வது இரும்புத் தொழிலில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

உள்நாட்டுப் போர் வந்தது. துப்பாக்கிக் குழலுக்கான நல்ல இரும்பு அமெரிக்காவில் கிடைக்கவில்லை, இங்கிலாந்திலிருந்துதான் வர வேண்டும். 1862-ல் ஹியூவிட் அங்கே போய் அந்த இரும்பை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வந்தார். டிரென்டன் அதைத் தயாரித்து அரசுக்கு லாபம் வைக்காமல் கொடுத்தது. அதே ஆண்டுத் தொடக்கத்தில் நடந்ததாக அவர் சொன்ன கதை ஒன்றும் உண்டு. மேற்கே மிசிசிப்பிப் பக்கம் போர் நடத்திக்கொண்டிருந்த படைக்குப் பெரிய மோர்ட்டார் பீரங்கிகள் தயார், அவற்றைத் தாங்கும் இரும்புப் படுக்கைகள் மட்டும் இல்லை. எவ்வளவு சீக்கிரம் முப்பது செய்து தர முடியும் என்று லிங்கனிடமிருந்து தந்தி வந்தது. வேலையைப் பல ஆலைகளுக்குப் பிரித்துக் கொடுத்து, சில வாரங்களில் முடித்து அனுப்பிவிட்டார். பணம் மட்டும் வரவில்லை. ஏதோ ஒரு அலுவலகத்தில் கோப்பு உறங்கிக்கொண்டிருந்தது. நேரே வாஷிங்டன் போய் லிங்கனைப் பார்த்ததும், இந்தப் பட்டியலுக்கு இப்போதே பணம் கொடுங்கள் என்று லிங்கன் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாராம்.

போர்க்காலத்தில் அரசுக்குச் சரக்கு விற்று ஒரே இரவில் செல்வந்தரானவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். இற்றுப்போன துணியில் சீருடை தைத்துக் கொடுத்தவர்கள், சுடாத துப்பாக்கி விற்றவர்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் லாபம் வேண்டாம் என்று இரும்பு கொடுத்த முதலாளியை எளிதாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

1870-களின் தொடக்கத்தில் அரசியல். நியூயார்க்கைச் சுரண்டிக் கொழுத்த ட்வீட் கும்பல் 1871-ல் விழுந்தபோது, டில்டனோடு சேர்ந்து, நகரத்தில் ஜனநாயகக் கட்சியை ஆட்டிவைத்த டாமனி ஹால் என்ற கட்சி இயந்திரத்தைச் சுத்தப்படுத்தும் வேலையில் ஹியூவிட் இறங்கினார். 1874-ல் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். இடையில் ஒரு தவணை தவிர 1886 வரை அங்கே இருந்தார்.

இரும்பு முதலாளிகள் எல்லோரும் உயர்ந்த இறக்குமதித் தீர்வை வேண்டும் என்று வாஷிங்டனில் வரிசையில் நின்ற காலம் அது. ஹியூவிட் அந்த வரிசையில் நிற்கவில்லை. கச்சாப் பொருள்களுக்குத் தீர்வையே வேண்டாம் என்றார். நேர்மையான நிலைப்பாடுதான், ஆனால் முழுக்கத் தன்னலமில்லாதது என்று சொல்ல மாட்டேன். பிட்ஸ்பர்க் ஆலைகளுக்கு நிலக்கரி பக்கத்திலேயே கிடைத்தது. கடலோரமாக இருந்த நியூஜெர்சி ஆலைகளுக்குக் கப்பலில் வரும் மலிவான தாது லாபம். இந்த விஷயத்தில் அவருடைய நன்மையும் நாட்டின் நன்மையும் ஒரே திசையில் இருந்தன.

1879-ல் அவர் செய்த வேலை இன்றும் நிற்கிறது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியை அரசுப் பணத்திலேயே நான்கு குழுக்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு அளந்துகொண்டிருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரே நிலவியல் ஆய்வகம் அமைக்க வேண்டும் என்று தேசிய அறிவியல் கழகம் பரிந்துரைத்தது. தனி மசோதாவாகப் போனால் நிலத் தரகர்களும் மேற்கத்திய உறுப்பினர்களும் கொன்றுவிடுவார்கள். நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் ஒரு பத்தியாக அதை நுழைத்துக் கடைசி நாளில் நிறைவேற்ற வைத்தவர்களில் ஹியூவிட் முதன்மையானவர். பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுரங்கத்தில் பணம் போட்டு நொந்தவருக்குத்தான் அந்த அறிவின் விலை தெரியும்.

இப்போது 1876. டில்டனுக்கு மக்கள் வாக்கில் இரண்டரை லட்சம் வாக்குகள் கூடுதல். மாநிலங்களின் சார்பில் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்கில் 184 கையில். வெல்ல வேண்டியது 185. ஃப்ளோரிடா, லூசியானா, தென் கரோலினா ஆகிய மூன்று மாநிலங்களும் ஓரிகனில் ஒரு வாக்கும் சர்ச்சைக்குள்ளாயின. மொத்தம் 20. அத்தனையும் கிடைத்தால் மட்டுமே குடியரசுக் கட்சியின் ரதர்ஃபோர்ட் ஹேஸ் வெல்ல முடியும். கிடைத்தன. எப்படி என்றால், இதைத் தீர்க்க ஐந்து செனட்டர்கள், ஐந்து பிரதிநிதிகள், ஐந்து உச்ச நீதிமன்ற நீதிபதிகள் என்று 15 பேர் கொண்ட ஆணையம் அமைத்தார்கள். அமைக்கும் பேச்சுவார்த்தையில் ஜனநாயகக் கட்சி சார்பில் முன்நின்றவர்களில் ஹியூவிட் ஒருவர். நடுநிலையானவர் என்று நம்பியிருந்த நீதிபதி டேவிட் டேவிஸை இல்லினாய் மாநிலம் திடீரென்று செனட்டுக்குத் தேர்ந்தெடுத்துவிட்டது. அவர் விலகினார். அவருடைய இடத்துக்கு வந்தவர் குடியரசுக் கட்சிக்காரரான நீதிபதி பிராட்லி. முக்கியமான ஒவ்வொரு கேள்வியிலும் 8-க்கு 7. 1877 மார்ச் 2 அதிகாலையில் 185-க்கு 184 என்று ஹேஸ் வென்றதாக அறிவித்தார்கள்.

கட்சிக்காரர்கள் ஹியூவிட்டைத் திட்டித் தீர்த்தார்கள். தெருவில் இறங்கிப் போராடியிருக்க வேண்டும், விட்டுக்கொடுத்துவிட்டார் என்றார்கள். அவர் பதில் ஒன்றுதான்: உள்நாட்டுப் போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை, இன்னொன்றை நான் தொடங்கி வைக்க மாட்டேன். அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் பக்கம் மட்டும் ஏமாற்றப்பட்டது என்று அவர் கடைசிவரை பேசியதை ஏற்க முடியவில்லை. அந்தத் தெற்கு மாநிலங்களில் கறுப்பின வாக்காளர்களை அடித்தும் மிரட்டியும் கொன்றும் வாக்குச்சாவடிக்கு வரவிடாமல் செய்தது ஜனநாயகக் கட்சியின் ஆட்கள். அதையும் கணக்கில் எடுத்தால் டில்டனின் முன்னிலை அவ்வளவு சுத்தமானது இல்லை. ஹேஸ் பதவியேற்றதும் தெற்கில் கறுப்பின மக்களுக்குக் காவலாக மீதமிருந்த கூட்டாட்சிப் படைகள் அரசு மாளிகைகளை விட்டு விலகின. இரண்டு கட்சிக்கும் நடுவில் சமாதானம் ஆயிற்று. விலை கொடுத்தவர்கள் அந்தப் பேச்சுவார்த்தை மேசையிலேயே இல்லாத கறுப்பின மக்கள். எண்களில் அத்தனை நுணுக்கமானவர் இந்தக் கணக்கை மட்டும் போடவில்லை.

சரி, நியூயார்க்கையும் புரூக்ளினையும் இணைக்கும் புரூக்ளின் பாலத்துக்கு வருவோம். எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான்.

அந்தப் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்லிங். அவருடைய அப்பா ஜான் ரோப்லிங் கம்பிவட ஆலையை டிரென்டனில் வைத்ததே பீட்டர் கூப்பரின் யோசனையில். ஆக இரண்டு குடும்பங்களும் ஒரே ஊர்த் தொழிற்குடும்பங்கள். ஆற்றடியில் காற்றழுத்த அறைக்குள் இறங்கி வேலை பார்த்ததில் நோயுற்று, வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபடியே வாஷிங்டன் பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி எமிலிதான் கணக்கையும் கட்டளையையும் சுமந்து தளத்துக்கும் வீட்டுக்கும் நடந்தார்.

1876-ல் பாலத்தின் பெரிய வடங்களுக்குக் கம்பி வாங்க வேண்டும். பாலத்தின் அறங்காவலர்களில் ஒருவரான ஹியூவிட் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பாலத்தின் அதிகாரிக்கோ பொறியாளருக்கோ பங்கு இருக்கும் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கொடுக்கக் கூடாது. கேட்கும்போது எவ்வளவு சுத்தமான விதி! குறி யார் மேல் என்று எல்லோருக்கும் தெரியும். நாட்டிலேயே சிறந்த கம்பி செய்தது ரோப்லிங் ஆலை. அவமானம் தாங்காமல் வாஷிங்டன் தன் பங்குகளை விற்றார். கடைசியில் புரூக்ளின்காரர் லாய்ட் ஹெய்க்குக்கு ஒப்பந்தம் போனது. ஹெய்க்கின் ஆலை மீது ஹியூவிட்டுக்கு அடமானக் கடன் இருந்தது பின்னால்தான் வெளிவந்தது. ஹெய்க் ஒப்பந்தத்தில் சம்பாதித்தால் ஹியூவிட்டின் கடன் வசூலாகும்.

1878-ல் மோசடி பிடிபட்டது. ஆலையில் சோதனையாளர்கள் பார்த்துச் சான்றளித்த நல்ல கம்பிச் சுருள் வண்டியில் ஏறும், வழியில் மாறும், பாலத்துக்கு வந்து சேருவது தேறாத கம்பி. நல்ல சுருள் மறுபடி ஆலைக்குப் போய் மறுபடி சோதனைக்கு நிற்கும். கண்டுபிடிப்பதற்குள் தேறாத கம்பி பெருமளவில் வடத்துக்குள் போய்விட்டது. நூற்றுக் கட்டிய வடத்தைப் பிரிக்க முடியாது. ரோப்லிங் உட்கார்ந்து கணக்குப் போட்டார். வடங்கள் தாங்க வேண்டிய சுமையைப் போல ஆறு மடங்கு தாங்கும்படி அவர் முதலிலேயே வடிவமைத்திருந்தார். கெட்ட கம்பியால் அது ஐந்து மடங்காகக் குறையும், அதுவும் போதும் என்று கண்டார். ஒவ்வொரு வடத்திலும் சுமார் 150 நல்ல கம்பிகளைக் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார், ஹெய்க் செலவில். அந்தக் கம்பி இன்றும் அந்த வடங்களுக்குள்தான் இருக்கிறது. பாலம் நிற்கிறது.

ஹெய்க் மோசடி செய்வார் என்று ஹியூவிட்டுக்குத் தெரிந்திருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்தவரின் பங்கை நலமுரண் என்று சுட்டிய கை, தன் அடமானப் பத்திரத்தை மேசை மேல் வைக்கவில்லை. வைத்திருந்தால் அந்தத் தீர்மானம் அவருடைய வாழ்க்கையின் பெருமைகளில் ஒன்றாக இருந்திருக்கும். 1883 மே 24 திறப்பு விழாவில் முதன்மைப் பேச்சாளர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஹியூவிட்தான். பிரமாதமான உரை. பெண்களுக்கு உயர்கல்வி மறுக்கப்பட்டது எவ்வளவு தவறு என்பதற்கு இந்தப் பாலமே சாட்சி என்று எமிலி ரோப்லிங்கை மேடையில் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். பலர் சொல்லத் தயங்கிய உண்மையைச் சொன்னார். மனிதர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள்.

1886-ல் நியூயார்க் மேயர் தேர்தல். நிலத்தின் மீது ஒற்றை வரி என்ற கொள்கையால் உலகப் புகழ் பெற்றிருந்த ஹென்றி ஜார்ஜைத் தொழிற்சங்கங்கள் நிறுத்தின. பயந்துபோன டாமனி, தனக்குப் பிடிக்காத ஹியூவிட்டைக் கூப்பிட்டு நிறுத்தியது. குடியரசுக் கட்சி 28 வயது தியோடர் ரூஸ்வெல்ட்டை நிறுத்தியது. ஹியூவிட் 90,000-க்கும் கொஞ்சம் மேல், ஜார்ஜ் 68,000, ரூஸ்வெல்ட் 60,000. ஜார்ஜ் வந்தால் சமுதாயமே கவிழும் என்ற தொனியில்தான் ஹியூவிட் பிரசாரம் செய்தார். அது அவருடைய தரத்துக்குக் குறைந்த பேச்சு. தொழிற்சங்கங்களுக்கு இருக்க உரிமை உண்டு என்று முதலாளியாக இருந்துகொண்டே பேசியவர், 1873-க்குப் பிந்தைய மந்தத்தில் நஷ்டத்திலும் ஆலையை ஓட்டி வேலை கொடுத்தவர், தொழிலாளிகள் தாங்களே ஆட்சிக்கு வர நினைத்ததும் மிரண்டுவிட்டார்.

மேயரானதும் டாமனி ஆட்களுக்குப் பதவி கொடுக்க மறுத்தார். சூதாட்ட விடுதிகளை மூடினார். கோபக்காரர், தூக்கமின்மை வேறு, யாரையும் நயமாகப் பேசி அனுப்பத் தெரியாது. 1888-ல் செயின்ட் பேட்ரிக் நாள் ஊர்வலத்தைப் பார்வையிட முடியாது, நகர மண்டபத்தில் ஐரிஷ் கொடி ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். அமெரிக்கக் கொடிதான் அங்கே பறக்க வேண்டும் என்பது கொள்கை. கொள்கையோடு நிறுத்தியிருக்கலாம். ஐரிஷ்காரர்கள் காவல்துறையில் எத்தனை பேர், ஏழைகள் விடுதியில் எத்தனை பேர் என்று புள்ளிவிவரமும் எடுத்துவிட்டார். பசியோடு கப்பலேறி வந்த மக்களை அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்களுக்கும் பிடிக்கவில்லை. அந்த நவம்பரில் டாமனி வேட்பாளர் ஹ்யூ கிராண்ட் வென்றார். ஹியூவிட் மூன்றாமிடம். அதோடு தேர்தல் அரசியல் முடிந்தது.

ஆனால் அதே 1888 ஜனவரி 31 அன்று அவர் நகர மன்றத்துக்கு அனுப்பிய செய்தியறிக்கைதான் அவரை நான் இத்தனை நாள் விடாமல் படித்ததற்குக் காரணம். நியூயார்க் நெரிசலில் திணறுகிறது, உயர்பாதை ரயில்கள் போதாது, நிலத்தடியில் வேகமான ரயில் வேண்டும் என்றார். அதுவரை பலரும் சொன்னதுதான். யார் பணத்தில் என்பதற்கு அவர் சொன்ன பதில்தான் புதிது. தனியார் நிறுவனம் கடன் வாங்கினால் வட்டி அதிகம், ஏனென்றால் பூமிக்கடியில் தோண்டுகிற காரியத்தின் ஆபத்துக்கும் சேர்த்துக் கடன் கொடுப்பவன் விலை வைப்பான். நகரம் வாங்கினால் வட்டி குறைவு. ஆகவே நகரம் தன் நாணயத்தின் பேரில் பணம் திரட்டட்டும், பாதை நகரத்தின் சொத்தாக இருக்கட்டும். கட்டுவதும் ஓட்டுவதும் ஒரு தனியார் நிறுவனம் செய்யட்டும். வட்டியையும் அசலை அடைக்கும் நிதியையும் அந்த நிறுவனம் குத்தகையாகக் கட்டட்டும். குத்தகைக் காலம் முடியும்போது கடன் தீர்ந்திருக்கும், பாதை மிஞ்சியிருக்கும்.

வக்கீல் அரசியல்வாதி யாருக்கும் இது தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன். உலை ஏற்றுவதற்குக் கடன் வாங்கி, வட்டிக்காக இரவெல்லாம் விழித்திருந்து, தண்டவாளம் விலை விழுந்தபோது நஷ்டத்தை விழுங்கியவருக்குத்தான், ஒரு பெரிய வேலையில் ஆபத்தை யார் சுமக்கிறார், அதற்கு என்ன விலை, சொத்து கடைசியில் யார் கையில் என்ற மூன்று கேள்வியும் தனித்தனியாகத் தெரியும். நிர்வாகத் திறமை, வேகம் என்று தொழிலதிபர்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் இதன் பக்கத்தில் ஒன்றுமில்லை. பாலத்தில் இதே அறிவு தன் கடனை வசூலிக்கப் பயன்பட்டது. இங்கே ஊருக்குப் பயன்பட்டது.

நகர மன்றம் ஏற்கவில்லை. ஆறு வாரம் கழித்து, மார்ச் 12-ஆம் தேதி பெரும் பனிப்புயல் நகரத்தை மூடியது. உயர்பாதை ரயில்கள் நடு வழியில் நின்றன, பயணிகள் ஏணி வைத்து இறங்கினார்கள், நகரத்தில் சுமார் 200 பேர் இறந்தார்கள். அப்போதும் அசையவில்லை. கொடித் தகராறில் ஊரே மூழ்கியிருந்தது.

தனியார் முதலீட்டிலேயே கட்ட வைத்துவிடலாம் என்று பிறகு முயன்று பார்த்தார்கள். உருப்படியாக யாரும் முன்வரவில்லை. 1894-ல் ஹியூவிட்டின் திட்டத்தை எடுத்துச் சட்டமாக்கி, நகரமே கட்டலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். வேண்டும் என்று சொன்னவர்கள் வேண்டாம் என்றவர்களைப் போல மூன்று மடங்கு. வழக்குகள் ஓய்ந்து, 35 மில்லியன் டாலருக்கு ஜான் மெக்டொனால்டு ஒப்பந்தம் எடுத்தார். பின்னால் இருந்த பணம் வங்கியாளர் ஆகஸ்ட் பெல்மான்ட்டுடையது. குத்தகை 50 ஆண்டு. 1900 மார்ச்சில் மண் வெட்டினார்கள். 1901-ல் வணிகர் சங்கம் ஹியூவிட்டுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1903 ஜனவரி 18 அன்று அவர் காலமானார். 1904 அக்டோபர் 27 அன்று முதல் ரயில் ஓடியது. கட்டணம் ஐந்து சென்ட்.

பெல்மான்ட்டின் நிறுவனம் முதல் சில ஆண்டுகளில் நல்ல லாபம் பார்த்தது. நகரம் இன்னும் கறாராகப் பேரம் பேசியிருக்கலாம், ஹியூவிட் உயிரோடு இருந்திருந்தால் பேசியிருப்பார் என்றும் எனக்குத் தோன்றுகிறது. பிறகு போர்க்கால விலைவாசி ஏறியபோது ஐந்து சென்ட் கட்டணம் அந்த நிறுவனத்தின் கழுத்தை இறுக்கியது. 1940-ல் நகரம் இயக்க உரிமையையும் வண்டிகளையும் வாங்கிக்கொண்டது. 1900-ல் தொடங்கிய அந்த முதல் பாதை அப்போதும் புதிதாக வாங்க வேண்டியதாக இருக்கவில்லை, அது முதல் நாளிலிருந்தே நகரத்துடையது.